துண்டில்லாத மணி

மரியநாயகம் தெமோதரைப் பக்கத் தோட்டமொன்றில், தேயிலைத் தொழிற்சாலை வாசலில் முப்பத்தொரு வருடம் காவலிருந்தவர். துண்டுச் சீட்டு இல்லாமல் எவரையும் உள்ளே விடமாட்டார். சோறு கொண்டுவந்த மனைவி இருதயம்மாவையே மறித்தார். அந்த அம்மா பழைய கலண்டர் தாளில் "சோறு" என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் விட்டார். ஓய்வு பெறும்வரை தினமும் அப்படித்தான்.

இப்போது எண்பத்திரண்டு வயது. ஹல்துமுல்லையில் நான் பராமரிப்பாளராக இருக்கும் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்தவர், ஆள் பிடிக்காமல் எழும்ப முடியாது. கட்டிலருகே உள்ள பொத்தானை அழுத்தினால் அடுத்த அறையில் என் மேசைக் கணினியில் மணி அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. கூப்பிட்டாலே கேட்கும்தான். ஆனால் கக்கூசுக்காகக் கத்துவது மரியநாயகத்துக்கு மானக்கேடு.

"நாலு மணிக்குள்ள பெல் சரிவரலேன்னா பெம்பர்ஸ்தான்" என்று, பெரியவர்களுக்குக் கட்டும் அணையாடையைக் காட்டினேன்.

"செத்தாலும் கட்ட மாட்டேன், மிஸ்ஸி."

"செத்தா கேக்காமலே கட்டுவேன்."

பதுளையிலிருந்து கணினிக்காரர் நப்ரீஸ் வந்தார். கட்டில் பொத்தான்களை ஒரு வலையமைப்பிலும் அலுவலகக் கணினிகளை இன்னொன்றிலும் பிரித்து, நடுவே, அனுமதி உள்ளதை மட்டும் கடக்கவிடும் பயர்வோல் பெட்டியை வைத்தவர் அவர்தான். மடிக்கணினியோடு கட்டிலருகே உட்கார்ந்தார்.

"பெல்லுக்கு அனுமதி குடுத்துத்தான் இருக்கு. ஆபீஸ் பக்கத்துல ரூல் போட்டிருக்கேன்."

"பெல் எந்தப் பக்கத்துல இருந்து வருது?" என்று விசாரித்தார் மரியநாயகம்.

"உங்க பக்கத்துல இருந்து, ஐயா."

"அப்ப உள்ள வர்ற கேட்லயே மறிச்சிருவானே! வெளிய போற கேட்ல துண்ட வச்சுக்கிட்டு என்னாத்த பண்ண? ஒன்னைய என் கேட்ல ரெண்டு நாள் நிப்பாட்டியிருக்கணும்."

நப்ரீஸ் வழுக்கைத் தலையைத் தடவினார். பெட்டிக்குள் நுழையும் பக்கத்தில்தான் ரூல் பார்க்கப்படுமாம். அதை அங்கே மாற்றிவிட்டு என் மேசைக்கு ஓடி வந்தார்.

மூன்று ஐம்பத்தைந்துக்கு மணி அடித்தது. நப்ரீஸ் துள்ளினார். நான் கைதட்டினேன். சமையற்கட்டிலிருந்து லரீபா வந்து கைபேசியில் படம் பிடித்தாள். மணி விடாமல் அடித்தது. நாங்களும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவரும் கட்டிலுக்குப் போகவில்லை.

நான் போனபோது விரிப்பு நனைந்திருந்தது. பெம்பர்ஸை எடுத்தேன்.

"பெல் அடிச்சிச்சா?" என்றார்.

"அடிச்சிச்சு."

"நாலுக்கு முந்தியா?"

"ஆமா."

"அப்ப கேட்ல குத்தமில்ல. அத நப்ரீசுக்குக் கட்டுங்க."

பேச்சுப்படி அது நியாயம். விரிப்பை மாற்றினேன். பெம்பர்ஸ் அலுமாரிக்குத் திரும்பியது.