ஒட்டிக்கொள்ளாத நோய்

பேருந்து நிலையத்தில் எல்லாருக்கும் அவள் மைக் அக்கா. பிறந்தபோது வைத்த பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும். மாடியில் கண்ணாடி போட்ட சின்ன அறையில் உட்கார்ந்துகொண்டு, எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது கிளம்பப் போகிறது, எது இன்றைக்கு வரவே வராது என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. இனிமையான குரல் என்று சொல்ல முடியாது. ஆனால் சொல்லுக்குச் சொல் தெளிவாக இருக்கும். மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனுக்கும் ஒரு தடவை கேட்டால் போதும்.

அவள் கணவர் அதே நிலையத்தில் வண்டி ஓட்டினார். “நான் குரலைக் கேட்டுத்தான் கட்டிக்கிட்டேன். ஆளை அப்புறம்தான் பாத்தேன்” என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். “பாத்ததும் ஓடியிருக்க வேண்டியதுதானே?” என்பாள் அவள். “எங்க ஓடறது? எந்த வண்டி எங்க போகுதுன்னு உனக்குத்தான் தெரியுமே!”

இருமல் வந்தபோது முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மைக்கை அணைத்துவிட்டு இருமுவாள், தண்ணீர் குடிப்பாள், மறுபடி போடுவாள். ஒருநாள் அணைக்க மறந்து, அவள் இருமியது நிலையம் முழுக்கக் கேட்டது. கணவர் வண்டியை மேடையிலேயே விட்டுவிட்டு மாடிப்படி ஏறி வந்தார்.

“வறட்டு இருமல்தாங்க. இதுக்குப் போய் வண்டியை விட்டுட்டு வருவாங்களா?”

“கைக்குட்டையைக் காட்டு.”

அவள் காட்டவில்லை. அவரே பிடுங்கிப் பார்த்தார். ரத்தம் இருந்தது.

மருத்துவமனையில் சின்ன டப்பாவைக் கொடுத்து சளி எடுத்துக்கொண்டார்கள். கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்தார்கள். சிவப்புக் குச்சிகளாகக் கிருமிகள் தெரிந்தன. டி.பி. என்றார் மருத்துவர். அதில் சந்தேகப்பட அவருக்குக் காரணம் எதுவும் இல்லை. அந்தக் குச்சிகள் அப்படித் தெரிந்தால் டி.பி.தான் என்று எழுதுவதே அங்கே வழக்கம். கிருமி எந்த வகை என்று பிரித்துச் சொல்லும் இயந்திரம் அந்த மருத்துவமனைக்கு அப்போது வந்திருக்கவில்லை.

மாத்திரைகள் ஆரம்பித்தன. சிறுநீர் சிவப்பாகப் போனது, வாய் கசந்தது, சோற்றைக் கண்டாலே குமட்டியது. ஒரு வேளையும் தவறவிடாமல் விழுங்கினாள். வீட்டில் விதி எல்லாம் அவளே போட்டாள். தனித் தட்டு, தனி டம்ளர், பின்னறையில் தனிப் படுக்கை. பக்கத்துத் தெருவில் இருந்த மகளை, கைக்குழந்தையோடு வீட்டுப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.

“மருந்து சாப்பிட ஆரம்பிச்சா கொஞ்ச வாரத்துல பரவாதுன்னு நர்ஸம்மா சொன்னாங்களே” என்று கணவர் கதவுக்கு வெளியே நின்று கெஞ்சினார்.

“சளியில கிருமி இன்னும் இருக்குன்னும் அவங்கதானே சொன்னாங்க. உங்களுக்கு வந்துச்சுன்னா நான் என்னங்க பண்ணுவேன்?”



முதல் சுற்று மருந்து முடிந்தது. சளியில் கிருமி போகவில்லை. “ஒழுங்கா மாத்திரை போட்டீங்களாம்மா?” என்று மருத்துவர் கேட்ட கேள்வி அவளை உலுக்கிவிட்டது. கூசிப்போய் உட்கார்ந்திருந்தாள். மருந்துக்குக் கட்டுப்படாத டி.பி.யாக இருக்கலாம் என்று ஊசிக்கு மாற்றினார்கள். தினம் ஒன்று. உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் இடுப்பெல்லாம் கட்டி கட்டியாக வீங்கியது.

கொஞ்ச நாளில், அந்த ஊசியின் பக்கவிளைவாக, காதுக்குள் ரீங்காரம் கேட்க ஆரம்பித்தது. முதலில் பக்கத்து அறை மின்விசிறி என்று நினைத்தாள். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது குறைந்தது. மருத்துவ விடுப்பு முடிந்து, தனி அறைதானே என்று வேலைக்குத் திரும்பியபோது, தன் குரலே தனக்குச் சரியாகக் கேட்காமல், ஒலிபெருக்கியில் கத்தினாள். கீழே குழந்தைகள் மிரண்டு அழுதன. ஒரு வண்டியின் மேடை எண்ணைப் போனில் தப்பாகக் கேட்டுச் சொன்னதால், ஒரு கூட்டமே எதிர்ப்பக்கம் ஓடி வண்டியைத் தவறவிட்டது. நிலைய மேலாளர் நல்ல மனிதர். கடிந்துகொள்ளவில்லை. கீழே, பயணிகள் மறந்து விட்டுப்போகும் சாமான்களைப் பாதுகாக்கும் அறைக்கு அவளை மாற்றினார். குடை, பை, ஒற்றைச் செருப்பு. அவற்றோடு பேசவேண்டிய அவசியம் இல்லை.

அந்த மழைக்காலத்தில் கணவருக்கு நெஞ்சு வலித்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி, பயணிகளை இறக்கிவிட்டு, அதற்கப்புறம்தான் சாய்ந்தார் என்றார்கள்.

மருத்துவமனையில் அவர் படுத்திருந்த கூடத்துக்குள் அவள் போகவில்லை. முகமூடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கதவருகே நின்றாள். இதயம் பழுதான மனிதருக்குத் தன் கிருமியும் சேர்ந்துகொண்டால் என்ன ஆவது? மகள்தான் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். கணவர் கதவுப் பக்கம் தலையைத் திருப்பி ஏதோ சொன்னார். வாய் அசைவது தெரிந்தது. காதில் விழவில்லை. திரும்பக் கேட்டால் சிரமப்பட்டுச் சொல்லுவாரே என்று, புரிந்ததுபோல் தலையை ஆட்டினாள். அவரும் கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் காலையில் போய்விட்டார். கடைசியாக முகத்தைப் பார்த்தபோதும் அவள் கை நீளவில்லை.

ஊசியும் பலிக்கவில்லை. அப்படி எந்த மருந்துக்கும் குணமாகாதவர்களின் சளியை வாங்கி ஆராய்ச்சி செய்யும் ஒரு குழு, பெரிய மருத்துவமனையில் வேலை செய்துகொண்டிருந்தது. கிருமியின் மரபணுவைப் படித்து அது எந்த வகை என்று சீக்கிரமே சொல்லும் புதுப் பரிசோதனையைச் சரிபார்ப்பது அவர்கள் வேலை. “கலந்துக்கறீங்களா?” என்று கேட்டார்கள். “துப்பறதுதானே, துப்பறேன்” என்றாள் அவள்.

சில நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். மகளும் கூட வந்தாள். ஆராய்ச்சி மருத்துவர் இளம்பெண். மைக் அக்காவுக்குக் கேட்கவேண்டுமே என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, முகத்துக்கு நேராக உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

“அம்மா, உங்களுக்கு இருக்கறது டி.பி. இல்ல. அதுக்கு ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி வேற ஒரு கிருமி. நுண்ணோக்கியில பாத்தா ரெண்டும் ஒரே ஜாடை. மருந்துதான் வேற.”

“எனக்கு எப்படி வந்துச்சு? யார் குடுத்தாங்க?”

“யாரும் குடுக்கல. தண்ணியில, மண்ணுல இருக்கும். சில பேர் நுரையீரல்ல தங்கிடும். எங்கேந்து வந்ததுன்னு சொல்ல முடியாது.”

அவள் இன்னும் முன்னால் நகர்ந்து, மருத்துவரின் உதட்டைப் பார்த்தபடி கேட்டாள்.

“அப்போ என்கிட்டேந்து யாருக்காவது…?”

“இந்த வகை ஆள்கிட்டேந்து ஆளுக்கு ஒட்டாதும்மா. பயப்படாதீங்க.”

மருத்துவர் நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொன்னார். அவள் முகமூடியைக் கழற்றி மடியில் வைத்து, அதன் நாடாவை விரலில் சுற்றினாள், பிரித்தாள், சுற்றினாள். பிறகு அறை அதிரும்படி, தன் குரலின் அளவு தெரியாமல், “அவர் கையைப் புடிச்சிருக்கலாமே!” என்று கத்தினாள். வராந்தாவில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் கேட்டாள். அதுவரை கேட்கத் துணிந்ததில்லை. “அன்னிக்கு உங்கப்பா என்கிட்ட என்ன சொன்னாரு?”

மகள் தயங்கினாள். பிறகு அம்மாவின் காதோரம் குனிந்து சொன்னாள்: “சாப்பிட்டியான்னு கேட்டாரும்மா. நீங்க தலையாட்டினீங்க. சரின்னு கண்ணை மூடிக்கிட்டாரு.”

அவர் அப்படிக் கேட்ட அன்றைக்கு அவள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.

புது மருந்துகள் ஆரம்பித்தன. இது இன்னும் நீண்ட வைத்தியம். சளியில் கிருமி மறைந்த பிறகும் ஒரு வருஷம் விடாமல் சாப்பிட வேண்டும் என்றார்கள். மூன்று மருந்து தேவையா, இரண்டே போதுமா என்று இன்னொரு ஆய்வு நடந்தது. அதிலும் சேர்ந்துகொண்டாள். “எனக்குப் பின்னால வர்றவங்களாவது கம்மியா விழுங்கட்டும்” என்றாள்.

காது திரும்பி வரவில்லை. வராது என்று மருத்துவரே சொல்லிவிட்டார். இத்தனை நாளில் கிருமி நுரையீரலில் அரித்திருந்த ஓட்டை தழும்பாக நின்றது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பேரப்பிள்ளை வளர்ந்து நடக்கத் தொடங்கியிருந்தது. மடியில் உட்கார வைத்தால் அந்நியரைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு இறங்கி ஓடியது. அவள் அதைக் கட்டாயப்படுத்தவில்லை.

சளியில் கிருமி மறைந்தது. மருந்தை நிறுத்தினார்கள். அடுத்த வருஷமே திரும்ப வந்தது. சில பேருக்கு அப்படி ஆகும் என்று அதே இளம் மருத்துவர் தலையைக் குனிந்தபடி சொன்னார். தலை குனிந்ததால் உதடு தெரியாமல் அவளுக்குப் புரியவில்லை. மகள்தான் தாளில் எழுதிக் காட்டினாள்.

அவள் படித்துவிட்டுத் தாளை மடித்தாள். “சரி, எந்த மாத்திரையை முதல்ல போடணும்?” என்று கேட்டாள். குரல் அன்றைக்கு மிக மெதுவாக வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளே “என்னம்மா?” என்று ஒரு தடவை கேட்கவேண்டியிருந்தது.