வாசலில் கொட்டிய வெந்நீர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழவேற்காடு ஏரிக்கரையில், பதினொரு வயதுப் பெண் ஒருத்தி என் கையைக் கடித்துவிட்டாள்.

பதற வேண்டாம். பெயர் பொரி. எங்கள் வீட்டு நாய். அதற்கு முன் அவள் கடித்ததெல்லாம் என் ரப்பர் செருப்பை மட்டும்தான்.

தப்பு அவள்மேல் இல்லை. முழுக்க முழுக்க என்மேல். அதை ஒப்புக்கொள்ளத்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பொரி உண்மையில் என் மகள் இனியாவின் நாய். ப்ளஸ் டூ படிக்கும்போது மழையில் நனைந்த குட்டியாகத் தூக்கிக்கொண்டு வந்தாள். இப்போது இனியாவுக்குப் பெங்களூரில் வேலை. அங்கே வீட்டுக்காரர் நாய்க்குச் சம்மதிக்கவில்லை. ‘பத்திரமா பாத்துக்கப்பா’ என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். பொரிக்கும் வயதாகிவிட்டது, இதயம் கொஞ்சம் வீக். காலையும் மாலையும் மாத்திரை. இனியா தினமும் வீடியோ கால் செய்வது எங்களைப் பார்க்கத்தான் என்று என் மனைவி விமலா நம்புகிறாள். எனக்கு அந்த நம்பிக்கையெல்லாம் இல்லை – அவள் பார்ப்பது பொரியைத்தான்!

என் பெரியம்மா மகள் தேசம்மா அக்கா, பழவேற்காட்டை ஒட்டிய கோட்டைக்குப்பத்தில் இருக்கிறாள். ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கையால் தடவித் தடவியே இறால் பிடிப்பவள். அவளுடைய பேரனுக்குத் திருப்பாலைவனம் கோயிலில் காதுகுத்து, கோட்டைக்குப்பம் வீட்டில் சாப்பாடு. போகாமல் இருக்க முடியுமா? பொரியைத் தனியாக வீட்டில் பூட்டிவிட்டுத்தான் போக முடியுமா?

இனியாவிடம் சொன்னதுதான் தாமதம்... வாட்ஸ்அப்பில் ஒரு லிஸ்ட் வந்து விழுந்தது.

தடுப்பூசிப் புத்தகம், டாக்டர் சீட்டு, இதய மாத்திரை இரண்டு நாளைக்குக் கூடுதலாக, குடிக்க வீட்டுத் தண்ணீர், படுக்கப் பழைய போர்வை, முதலுதவிப் பை, வாய்க்கு மாட்டும் துணிமூடி. புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்பிருந்தே சாப்பாடு கிடையாது. ஜன்னல் திறந்திருந்தாலும் காருக்குள் தனியாக விடக்கூடாது. எங்கே போனாலும் கயிற்றை அவிழ்க்கக்கூடாது. பொன்னேரியில் ஒரு கால்நடை டாக்டர் ஞாயிற்றுக்கிழமையும் இருப்பாராம் – போன் செய்து விசாரித்து நம்பர் வேறு அனுப்பியிருந்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ‘நாய்க்கு வாய்மூடி எதுக்குடி? பொரி யாரைக் கடிக்கப் போறா?’ என்று கேட்டேன்.

‘வலி வந்தா நம்ம நாயும் கடிக்கும்பா. எடுத்து வை’ என்றாள்.

எடுத்து வைத்தேன். ஆனால், புறப்படும்போது பொரி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... இரண்டே இரண்டு பிஸ்கட் போட்டேன். யாருக்குத் தெரியப்போகிறது?

அனுப்பம்பட்டு பக்கம் போகும்போது தெரிந்தது. இரண்டு பிஸ்கட்டும் என் சட்டையில்!

ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, சட்டையைக் கழுவும்போது எங்கள் அம்மா ஞாபகம் வந்தது. புறப்படுகிற அன்று காலையில் எங்களுக்கும் அவள் ஒன்றும் தரமாட்டாள். அரை டம்ளர் கஞ்சி, அவ்வளவுதான். ‘படகுல ஏறினா கொடலு பொரளும்டா, போய்த் துன்னுக்கலாம்’ என்பாள்.

நான் பிறந்தது கோட்டைக்குப்பத்தில். எட்டு வயது வரை அங்கேதான். அப்புறம் நைனாவுக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்து ராயபுரம் வந்துவிட்டோம். ஊரில் இருந்தவரைக்கும் எங்களுக்குப் பிரயாணம் என்றால் ஒன்றே ஒன்றுதான். ஏரிக்கு நடுவே ஒரு தீவில் இருந்த அத்தை வீடு.

பாய் கட்டிய படகு. காற்று தோதாக இருந்தால் அரை நாள். இல்லாவிட்டால் பொழுது சாயும். படகு கரை வரைக்கும் போகாது. முழங்கால் தண்ணீரில் இறங்கி, சேற்றில் கால் புதையப் புதைய நடக்க வேண்டும். நாங்கள் ஐந்து பிள்ளைகள். அம்மாவிடம் ஒரே ஒரு மஞ்சள் பை.

அந்தப் பையில் சுக்கு இருக்கும். ஓமம், இரண்டு எலுமிச்சம்பழம், கிழித்து மடித்த பழைய வேட்டித் துணி, சின்ன பாட்டிலில் தேங்காயெண்ணெய். தூக்குவாளியில் குடிதண்ணீர் – சுற்றிலும் தண்ணீர்தான், ஆனால் வாயில் வைக்க முடியாத உப்பு. அப்புறம்... அம்மாவின் சிவப்பு நிற பிளாஸ்க். பர்மா பஜாரில் நைனா வாங்கி வந்தது. அதை மட்டும் மடியிலேயே வைத்துக்கொள்வாள்.

‘இன்னாமா அதுல? டீயா?’

‘வெந்நீ.’

‘யாருக்கு?’

‘வழிக்குடா. கைய எடு.’

இதுதான் பதில். எல்லாத் தடவையும் இதே பதில். அந்தக் கொளுத்தும் வெயிலில் வெந்நீர் யாருக்கு என்று எங்களுக்குப் புரிந்ததே இல்லை. போய்ச் சேர்ந்ததும், அத்தை வீட்டு வாசலில் நின்று, எங்கள் ஐந்து பேரையும் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணுவாள். பிறகு பிளாஸ்க்கைத் திறந்து, தண்ணீரை வாசலிலேயே கொட்டிவிடுவாள்.

‘இன்னாண்ணி... எங்கூட்ல அடுப்பு இல்லன்னா ஏரியத் தாண்டி வெந்நீ எடுத்தாந்து ஊத்துற?’ என்று அத்தை கிண்டல் செய்வாள். அம்மா கொட்டிக்கொண்டே சிரிப்பாள். அம்மா அவ்வளவு நிம்மதியாகச் சிரித்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சரி, காதுகுத்துக்கு வருவோம். பேரன் ஊரைக் கூட்டி அழுதான். நண்டுக் குழம்பு, இறால் தொக்கு என்று ஒரு பிடி பிடித்தோம். மூன்றரை மணி வாக்கில் பொரியை அழைத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனோம். அக்காவின் மருமகன் வலையை உதறிக்கொண்டிருந்தார். அதில் ஒரு பெரிய கெளுத்தி மீன் சிக்கியிருந்தது.

கெளுத்தியை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மீசை வைத்த மீன். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மொத்தம் மூன்று முள். ஒவ்வொன்றும் ரம்பம் மாதிரி. குத்தினால் விஷ வலி... ஆம்பிளைப் பிள்ளைகள் தரையில் புரண்டு அழுவார்கள். அதனால் வலையிலிருந்து எடுத்த கையோடு முதலில் முள்ளை உடைத்துவிடுவார்கள்.

விமலா சேலத்துக்காரி. அவளுக்கு முன்னால் நான் ஏரிக்காரன் என்று காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா?

‘குடுங்க மாப்ள, நான் உடைக்கிறேன்’ என்று குறடை வாங்கினேன். பொரியின் கயிறு ஒரு கையை அடைத்துக்கொண்டிருந்தது. அவிழ்த்துவிட்டேன். விமலாவை வீடியோ எடுக்கச் சொன்னேன். டக்... டக்... டக்... ஐம்பது வருஷம் கழித்தும் கை மறக்கவில்லை! மூன்று முள்ளும் மணலில் விழுந்தன. நான் மீனைத் தூக்கிப் பிடித்து போஸ் கொடுத்தேன்.

மீன் வாசனைக்குப் பொரி ஓடி வந்தாள். ஓடி வந்தவள் வீல் என்று கத்தினாள்.

முன்னங்காலின் மெத்தைப் பகுதியில் முள் ஆழமாக இறங்கியிருந்தது. குனிந்து பிடுங்கப் போனேன். அப்போதுதான் அந்தக் கடி. ரத்தம் வரவில்லை, பல் பட்டதோடு சரி. (தடுப்பூசி ஒழுங்காகப் போட்ட நாய்தான். இருந்தாலும் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, டாக்டரிடமும் காட்டிவிட்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.) விமலா ஓடிப்போய்ப் பையிலிருந்து அந்தத் துணிமூடியை எடுத்து வந்தாள். அதை மாட்டிய பிறகுதான் பொரியைத் தொடவே முடிந்தது. முள்ளைப் பிடுங்கினேன். நுனி உள்ளேயே முறிந்து நின்றுவிட்டது.

பொரி நடுங்கினாள். மூச்சு இரைத்தது. இதயம் வீக்கான நாய்... வலியில் அதுவே நின்றுவிட்டால்? இனியாவுக்கு என்ன பதில் சொல்வேன்?

விமலா எங்கள் மருந்துப் பெட்டியைத் திறந்து ஒரு வலி மாத்திரையைப் பாதியாக உடைத்தாள். ‘ஏங்க, பாதி கொடுத்தா போதும்ல?’ என்றாள். நல்ல வேளை, ஒரு கையில் இனியாவுக்கு போன் போட்டிருந்தாள்.

‘அம்மா, குடுக்காத! நம்ம மாத்திரை எதுவுமே நாய்க்கு ஆகாது. உயிருக்கே ஆபத்தும்மா!’ என்று இனியா போனிலேயே அலறினாள்.

சத்தம் கேட்டு தேசம்மா அக்கா வந்தாள். பொரியின் காலைப் பார்த்தாள். மணலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

‘முள்ள உடைச்சது யாரு? நீயா?’

‘நான்தான்க்கா’ என்றேன்.

‘உடைச்சவன்தான் பொதைக்கணும்னு தெரியாதா உனுக்கு? இங்க யாருனா காலுல செருப்பு போட்னு கீறாங்களா பாரு! கொழந்த குட்டிங்க ஓட்ற எடம்...’

தெரியும். தெரிந்ததுதான். வலைக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு கொட்டாங்கச்சி இருக்கும். உடைத்த முள் அதற்குள்தான் போகும். உடைத்தவனே ஓரமாகப் போய்க் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வருவான். அன்றும் அந்தக் கொட்டாங்கச்சி என் காலடியில்தான் இருந்தது. நான் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

‘உடைக்க மட்டும் ஷோக்கா உடைப்ப’ என்று முறைத்துவிட்டு, வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினாள். ‘ஏ... அடுப்பு மேல கீற வெந்நீ குண்டான எடுத்தாங்கடி! ஜல்தி!’

விருந்துச் சமையல் அடுப்பில் இன்னும் தணல் இருந்தது. வெந்நீர் வந்தது. அக்கா ஒரு பேசினில் ஊற்றிப் பச்சைத் தண்ணீர் விளாவினாள்.

‘மொதல்ல உன் கைய வுடு. தாங்குதா? உன் கை தாங்கினாதான் அது காலு தாங்கும். வெந்துறப் போவுது பாவம்.’

கையை விட்டேன். நல்ல சூடு, ஆனால் தாங்கியது. பொரியின் காலை மெல்ல உள்ளே வைத்தோம். திமிறினாள். விமலா தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். சூடு ஆற ஆற அக்கா வெந்நீர் விளாவினாள். ஒவ்வொரு தடவையும் முதலில் என் கை, பிறகு பொரியின் கால். அரை மணி நேரம் போயிருக்கும். நடுக்கம் குறைந்தது. மூச்சு சீரானது. பொரி ஒரு பெருமூச்சு விட்டு, விமலாவின் மடியில் தலையைச் சாய்த்தாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்க என்ன இருக்கிறது?

அக்கா எழுந்து முந்தானையில் கையைத் துடைத்தாள். ‘சித்தி இருந்திருந்தா பிளாஸ்குல ரெடியா எடுத்தாந்திருக்கும்’ என்றாள்.

சித்தி என்றால் என் அம்மா.

‘இன்னாக்கா சொல்ற?’

‘இன்னா சொல்றேன்... கெளுத்தி குத்துனா சூடுதானே மருந்து. படகுல அடுப்புக்கு எங்க போறது? சித்தி சின்ன வயசுல படகுல வரசொல்ல கெளுத்தி குத்திச்சி. கரைக்கு வர்ற வரிக்கும் துடியா துடிச்சிச்சாம். அதுக்கப்பறம்தான், வெந்நீ இல்லாம உங்கள படகுல ஏத்தவே ஏத்தாது.’

ஐம்பது வருஷமாக எனக்குத் தெரியாத பதில்.

‘எங்ககிட்ட ஏன்க்கா சொல்லவே இல்ல?’

‘சொன்னா, கெளுத்தி கீற அந்தத் தண்ணில நீங்கள்லாம் எறங்கியிருப்பீங்களா?’

நாங்கள் குதித்துக் குதித்து, தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போவோம். அம்மா கடைசியில் வருவாள். ஒரு கை தம்பியைப் பிடித்து நடத்தி வரும், இன்னொரு கையில் சிவப்பு பிளாஸ்க். எங்கள் பத்து கால்களையும் பார்த்துக்கொண்டேதான் அவள் நடந்திருக்கிறாள்.

அங்கிருந்து நேராகப் பொன்னேரி. இனியா கொடுத்த நம்பர் வேலை செய்தது. டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, உள்ளே இருந்த முள் நுனியை எடுத்தார். இதய மாத்திரைச் சீட்டைக் கேட்டார். பையில் தயாராக இருந்தது. அதைப் பார்த்துத்தான் மருந்து எழுதினார்.

‘வெந்நீர் வச்சது ரொம்ப நல்லது சார். மனுஷங்களுக்குக் குத்தினாலும் இதே மாதிரி சூட்டுத் தண்ணிதான். ஆனா அதோட நிறுத்திடாதீங்க. உள்ள முள் இருக்கான்னு டாக்டர்கிட்ட காட்டணும், டெட்டனஸ் ஊசி போடணும்’ என்றார்.

காரிலிருந்தே இனியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

‘கயித்த அவுத்தியாப்பா?’

‘அவுத்தேன்.’

‘பிஸ்கட்?’

‘...ரெண்டு.’

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. பிளாஸ்க் கதையை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். அவள் பிறப்பதற்கு ஒரு வருஷம் முன்னால் அம்மா போய்விட்டாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. ஆனாலும் இனியாவின் லிஸ்ட்டும் அம்மாவின் மஞ்சள் பையும் ஒன்றுதான். எனக்குத்தான் இரண்டுமே புரியாமல் இருந்திருக்கிறது.

வீடு வந்து சேர்வதற்குள் லிஸ்ட் திருத்தப்பட்டு வந்துவிட்டது. கடைசியில் புதிதாக ஒரு வரி: ‘பிளாஸ்க்கில் வெந்நீர் – கட்டாயம்.’

பொரியின் கால் ஆறிவிட்டது. ‘அந்தப் பொண்ண இட்டாந்து காட்டிட்டுப் போ’ என்று அக்கா போன் மேல் போன். போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கிளம்பினோம். பிஸ்கட் போடவில்லை. கயிற்றை அவிழ்க்கவில்லை. சிவப்பு பிளாஸ்க் எங்கே தேடியும் கிடைக்கவில்லை, ஸ்டீல்தான். கரையில் அக்கா பார்த்துக்கொண்டிருக்க இரண்டு கெளுத்திக்கு முள் உடைத்தேன். ஆறு முள்ளையும் கொட்டாங்கச்சியில் போட்டு, எண்ணிப் பார்த்து, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி நானே புதைத்தேன். அக்கா பொரிக்கு ஒரு இறால் ஊட்டினாள்.

சாயங்காலம் வீட்டு வாசலில் இறங்கினோம். விமலா வந்தாயிற்று. பொரி வந்தாயிற்று, நான்கு காலும் சரியாக இருந்தன. அவளை உள்ளே அனுப்பிவிட்டு பிளாஸ்க்கைத் திறந்தேன். தண்ணீர் இன்னும் சுடச்சுட இருந்தது.

வாசலிலேயே கொட்டினேன். ஆவி எழும்பியது.

‘ஏங்க... நல்ல வெந்நீரை வீணா கொட்டுறீங்க?’ என்றாள் விமலா.

உண்மைதான். இவ்வளவு சந்தோஷமாக எதையும் நான் வீணாக்கியதில்லை!