தண்ணீர் ஊற்ற விடாதவர்கள்

மலேசியாவின் பண்டமாரானில் மலர்விழியை யாரும் விருந்துக்கு அழைப்பதில்லை. அழைத்தால் சாப்பிட்டு, வாழ்த்திவிட்டுப் போவதுதானே மரியாதை? அவள் நேராகச் சமையலறைக்குப் போவாள். அடுப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் சட்டிப் பிடியை உள்பக்கம் திருப்புவாள். மேசை விரிப்பை உருவி மடித்து வைப்பாள். தங்கை மகளின் பிறந்தநாளன்று கேக் வெட்டும் முன்பே பிரியாணி அண்டாவை அறைக்குள் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். தங்கை இன்னும் சரியாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பத்தொன்பது வருடமாக அவள் கிள்ளானில் ஒரு மருத்துவமனையில், குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் தாதி. வருகிறவர்களுக்கு ‘மிஸி’. தீக்காயம் என்றதும் நமக்குப் பற்றி எரியும் வீடும் தீயணைப்பு வண்டியும்தான் நினைவுக்கு வரும். அவளிடம் வரும் பிள்ளைகளுக்கு அந்தக் கௌரவமெல்லாம் கிடைப்பதில்லை. வயது ஒன்றிலிருந்து மூன்று. சுடு எண்ணெய், ஆவி பறக்கும் மீ நூடுல்ஸ் கிண்ணம், கொதித்த தண்ணீர். சுற்றிலும் பாசமுள்ள பெரியவர்கள் குறைந்தது நான்கு பேர். புண்ணின் மேல் சிலர் கீச்சாப், அதாவது சோயா சாஸ், ஊற்றியிருப்பார்கள், சிலர் பற்பசை தடவியிருப்பார்கள். முட்டை வெள்ளைக்கரு பூசி வந்த ஒருவரிடம், "சமையல் பாதியிலயே கொண்டு வந்துட்டீங்களே அங்கிள்" என்று சொன்னதற்கு அவள் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.

தீபாவளிக்கு அவள் விடுப்புக் கேட்டதே இல்லை. அன்று எண்ணெய்க் குளியல் அல்லவா? ஹீட்டர் இல்லாத ஃபிளாட்டுகளில் ஒரு பெரிய சட்டித் தண்ணீரைக் கொதிக்க வைத்து, பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடும் ஹாலின் வழியாகக் குளியலறைக்குத் தூக்கிப் போவது நம் வீரப் பரம்பரையின் வழக்கம். ஹாலில் பிள்ளைகளைப் பிடித்து உட்கார வைத்தால் பண்டிகை கெட்டுவிடும் போலிருக்கிறது.

போன தீபாவளிக்கு வந்தவன் ரிஷி, ஒன்றரை வயது. அவன் அப்பா விமலன் லோரி ஓட்டுபவன். சட்டியோடு வந்த அப்பாவின் காலைப் பிள்ளை ஓடிவந்து கட்டிக்கொண்டான். முகவாயிலிருந்து வயிறு வரை வெந்துபோனது. அம்மா குமுதா அவனைத் தூக்கிக்கொண்டு குழாய்க்கு ஓடினாள். விமலனின் பெரியம்மா இராஜம்மா குறுக்கே நின்றார்.

"தண்ணி ஊத்தாத! கொப்புளம் போட்டுரும்!"

ஹாலில் இருந்த அத்தனை பேரும் டாக்டராகி ஆமோதித்தார்கள். இருவர் குமுதாவின் கையைப் பிடித்துக்கொள்ள, ஒரு முழுப் பற்பசையும் பிதுக்கித் தடவப்பட்டது. பிள்ளை மருத்துவமனைக்கு வந்தபோது புதினா மணம் வீசியது.

கழுத்து வீங்கி மூச்சு அடைத்தது. தொண்டையில் குழாய் போட்டு இயந்திரத்தில் வைத்தார்கள். பிழைப்பானா என்று கேட்டால், "பார்ப்போம்" என்றார் டாக்டர். வெளியே நாற்காலிகளில் உறவினர் விசாரணையை முடித்துவிட்டிருந்தார்கள். தாய்க்காரி பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவில்லை என்று தீர்ப்பு.

நான்காம் நாள், கட்டிலோரம் நின்று குமுதா மெதுவாகக் கேட்டாள்.

"மிஸி, அன்னிக்கு நான் பைப்புல காட்டியிருந்தா?"

மலர்விழிக்குப் பொய் வராது.

"உடனே இருபது நிமிஷம் காட்டியிருந்தா இவ்ளோ ஆழமா போயிருக்காது லா. நீ செய்யப் போனதுதான் சரி."

சொன்னது ஆறுதலா, தண்டனையா என்று அவளுக்கே தெரியவில்லை.

பதினோராம் நாள் குழாயை எடுத்தார்கள். ரிஷி கரகரத்த குரலில் அழுதான். "அழட்டும், நல்லா அழட்டும்" என்று சொல்லிக்கொண்டே மலர்விழியும் அழுதாள்.

மாலைக்குள் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. ‘பெரியம்மா உடனே பேஸ்ட் போட்டதாலதான் புள்ள தப்பிச்சான். நன்றி பெரியம்மா.’ எழுதியவன் விமலன். கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன.

குமுதா போனை நீட்டினாள். மலர்விழி படித்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள். குமுதா நின்றபடியே தட்டினாள்.

‘பேஸ்ட் காப்பாத்தல. அதை வழிச்சு எடுக்கவே என் புள்ளைக்கு மயக்க மருந்து குடுத்தாங்க. நான் தண்ணி ஊத்த ஓடினேன். நீங்க எல்லாரும் சேர்ந்து என் கையைப் பிடிச்சீங்க.’

அனுப்பினாள். அதற்குப் பிறகு ஒரு கைகூப்பும் படமும் வரவில்லை.