சுருங்கிப்போன ஆறு குழாய்கள்

அறுபதுகளின் கடைசியில் காரைக்குடியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு வேலை. களிமண்ணோடு அலுமினாப் பொடியைச் சேர்த்துப் பிசைந்து, அச்சில் வைத்து அழுத்தி, உலையில் இரண்டு நாள் சுட்டு, சோதனைக் கருவியில் மாட்ட, சொட்டுத் தண்ணீர்கூடக் கசியாத குழாய் செய்வோம். மண் பிசையக் கோட்டையூரிலிருந்து டவுன் பஸ்ஸில் ஓர் அம்மா வருவார். தினக்கூலி. புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். முன்பு ஓட்டுச் சூளையில் வேலை பார்த்தவர். சுட்ட குழாயை நாக்கால் தொட்டுப் பார்ப்பார். ஒட்டினால் உள்ளே நுண்துளை இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அருவருப்பாக இருக்கும். ஆனால் அந்த நாக்கு ஒருநாளும் தப்பியதில்லை.

ஒருமுறை வழக்கத்தைவிட நைசான பொடியைப் போட்டேன். அந்தம்மா விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, இது கூடுதலாகச் சுருங்குமே, அச்சைப் பெரிதாக்க வேண்டாமா என்று கேட்டார். எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே! இதென்ன ஓடு சுடுகிற வேலையா, பேசாமல் பிசையுங்கள் என்று வள்ளென்று விழுந்தேன்.

ஆறு குழாய்கள் உலையிலிருந்து வந்தன. நாக்கில் ஒட்டவில்லை, தட்டினால் வெண்கலம்போலக் கணீரென்றன. அவ்வளவு கெட்டி. ஆனால் கருவியின் வளையத்தில் மாட்டினால் லொடலொடவென்று ஆடின. நன்றாக இறுகியதால்தான் அத்தனை சுருக்கம். ஆறும் வீண்.

மேலதிகாரி வந்து பார்த்தார். மண்ணில் தண்ணீரைக் கூட்டிவிட்டிருப்பாள், நாளையிலிருந்து அவளை வரவேண்டாம் என்று சொல்லிவிடு என்றார். அந்தம்மா என்னைப் பார்த்தார். நான் அளவுகோலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாவி, வாயைத் திறக்கவில்லை. அந்தம்மா மண் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் அதிகாரியிடம் போய், பொடியை மாற்றியதும் நான், அச்சை மாற்றாததும் நான் என்றேன். வேலை போய்விடும் என்று பயந்துகொண்டுதான் சொன்னேன். அவர் சிரித்தார். அச்சைத் திருத்து, அவளைக் கூப்பிட்டுக்கொள் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அட, இவ்வளவுதானா! நிரந்தர வேலையில் இருப்பவன் உண்மையைச் சொன்னால் ஒரு மயிரும் ஆகாது. அதற்குத்தான் மூன்று நாள் யோசித்திருக்கிறேன்.

சைக்கிளை மிதித்துக் கோட்டையூருக்குப் போனேன். வாசலிலேயே நின்று, தப்பு என்னுடையதுதான், நாளைக்கு வேலைக்கு வாருங்கள் என்றேன். அந்தம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

“நீங்க சொல்லிருவீகன்னு தெரியும் சார்” என்றார். “எத்தன நாளாகும்னுதான் தெரியல. பிள்ளைகளுக்கு அரிசியக் கொறச்சுக் கொறச்சுப் போட்டுக்கிட்டு இருந்தேன்.”