பேனா ஸ்பிரிங் போட்ட துப்பாக்கி

அன்றைக்கு எங்கள் அவனியாபுரத்து வீட்டு வாசலில் நாலு பேர் இருந்தோம். நான், வேப்பமர நிழலில் கட்டிலைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், பலூன் சுடுகிற துப்பாக்கியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்த அண்ணன், பைக்கை விட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்த அவர் சம்சாரம். கூடப் பிறந்த அண்ணன் இல்லை. எங்களை மாதிரியே திருவிழா திருவிழாவாகப் போய்ப் பலூன் கடை போடுகிறவர். அவர் சம்சாரத்தை மதினி என்று கூப்பிடுவேன்.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். துப்பாக்கி ரிப்பேர் என் கைக்கு வந்ததற்குக் காரணம், என் வீட்டுக்காரருக்கு விரல் தடிமன். எனக்கு விரல் மெலிசு, பயம் அதிகம். இந்த வேலைக்கு இரண்டுமே உதவும்.

துப்பாக்கியின் குழலை மடக்கினால் உள்ளே பெரிய ஸ்பிரிங் அமுங்கி ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்ளும். அந்தக் கொக்கி நழுவாமல் பார்த்துக்கொள்வது விசைக்குப் பின்னால் இருக்கிற ஒரு குட்டி ஸ்பிரிங். நகத்தளவுதான் இருக்கும். நாள் முழுக்க மடக்கி மடக்கிச் சுட்டால் அது தளர்ந்துபோகும். அப்புறம் கொக்கி அரைகுறையாகத்தான் மாட்டும். விசையை யாரும் தொட வேண்டாம், குழலைப் படாரென்று மூடினாலே குண்டு பாய்ந்துவிடும்.

"நேத்து ரெண்டு தரம் தானா வெடிச்சுச்சு தங்கச்சி. நாளைக்கு அழகர்கோவில்ல கடை. இப்பவே மாத்திக் குடு," என்றார் அண்ணன்.

ரிப்பேர் சாமான் டப்பாவைத் திறந்தேன். குட்டி ஸ்பிரிங் ஒன்றுகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை, சிம்மக்கல்லில் நான் வாங்குகிற கடை பூட்டியிருக்கும். அண்ணன் வாட்ச்சைப் பார்த்தார். என் கண், தூங்குகிறவர் சட்டைப் பையில் இருந்த பேனாமேல் போனது. கழற்றி, உள்ளே இருந்த ஸ்பிரிங்கை அளவுக்கு நறுக்கி வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. அதுதான் நான் செய்த தப்பு.

எப்போதும் ஸ்பிரிங் மாற்றினால் மணல் மூட்டையைப் பார்த்து நூறு தடவை சுட்டுவிட்டுத்தான் கொடுப்பேன். அன்றைக்குப் பத்தோடு நிறுத்திவிட்டேன். "அண்ணே, இது பேனா ஸ்பிரிங்கு, ஒரு நாளைக்குக்கூட..." என்று சொல்லும்போதே பைக் சத்தம் என் பேச்சை விழுங்கிவிட்டது. மதினி மட்டும் திரும்பிக் கையாட்டினார்.

அந்தக் கை என் கண்ணை விட்டுப் போகவில்லை. அவர்கள் கடையில் பலூன் கட்டுவது மதினிதான். பலகையைப் பார்த்து, துப்பாக்கிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். அவர் விலகுவதற்குள்ளேயே அண்ணன் அடுத்த ஆளுக்குக் குண்டு போட்டு மூடிவிடுவார். அவசரக்காரர்.

ராத்திரி சோறு போடும்போது விஷயத்தைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். "ஏண்டி, அதே பேனாவ வச்சு வருசக்கணக்கா எழுதுறாய்ங்க. ஒரு நாளு தாங்காதா?"

"எழுதுறவன் யாரும் நாளைக்கு ஐநூறு தரம் படார் படார்னு அடிக்க மாட்டான்."

"முதல்ல எம் பேனாவக் குடு."

மறுநாள் காலையில் அண்ணனுக்குப் போன் போட்டேன். "கூட்டம் அம்முது, பெறகு பேசு," என்று வைத்துவிட்டார். சிம்மக்கல்லில் கடை திறக்கிறவரை காத்திருந்து, சரியான ஸ்பிரிங் இரண்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு அழகர்கோவில் பஸ்ஸில் ஏறினேன்.

புதூர் தாண்டியதும் காற்று மாறியது. ஜன்னலோரம் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒருவர் தூங்கி வழிந்தார், அந்த வாசனையில் எனக்கும் கண் சொக்கியது. பாதித் தூக்கத்தில் வயல்கள் தண்ணீருக்குள் மிதப்பது போல வந்து வந்து போயின. தூரத்து மலை, யாரோ நீல மேகத்தை மடித்துத் தரையில் வைத்த மாதிரி அசையாமல் கிடந்தது. பஸ் எத்தனை ஓடினாலும் அது பக்கத்தில் வரவேயில்லை. பலூன்கள் வானம் முழுக்கத் தொங்கின. மதினி ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டுக்கொண்டே மலைக்குள் நடந்து போனார். கூப்பிட்டேன், சத்தம் வரவில்லை. பள்ளத்தில் டயர் இறங்கிய சத்தத்தில் விழித்து முந்தானையைத் தடவிப் பார்த்தேன். முடிச்சு இருந்தது.

கோவில் வாசலில் ஆடி மாசக் கூட்டம். அடுப்புப் புகையும் ஆட்டு வாசனையும் கொட்டுச் சத்தமும் கலந்து, நடப்பதே தண்ணீருக்குள் நடப்பது போல இருந்தது. புளியமரத்தடியில் அவர்கள் கடை. மதினி பலகை பக்கம் திரும்பி நின்றார், தலையில் மஞ்சள் சாமந்தி. அண்ணன் கையில் அதே துப்பாக்கி, குழல் மடங்கியிருந்தது.

"அண்ணே!"

மூடிவிட்டார். ஒன்றும் ஆகவில்லை.

"என்னத்தா, சாமி கும்புடவா வந்த?"

"அதக் குடுண்ணே. ஸ்பிரிங் மாத்தணும்."

"காலையிலருந்து நல்லாத்தான சுடுது! இருக்கிறதே ரெண்டு துப்பாக்கி. இந்தக் கூட்டத்துல ஒன்னத் தூக்கிட்டுப் போனா என் யாவாரம்? மணிக்கு எழுநூறு ரூவா. காச வச்சுட்டுத் துப்பாக்கிய எடுத்துக்க."

மதினி திரும்பினார். "ஏன் மனுசா, ரிப்பேரு பாக்க வந்தவகிட்டயே காசா?"

"நீ முடிச்சப் போடு."

"மதினி, அவரு மடக்குறப்போ அங்கன நிக்காதீங்க," என்றேன்.

"பெறகு பலூன அவரு வந்து கட்டுவாராக்கும்? ஊதவே மூச்சுக் கிடையாது அவருக்கு."

முந்நூறு ரூபாய்தான் இருந்தது. கொடுத்துவிட்டுத் துப்பாக்கியை மரத்துக்குப் பின்னால் கொண்டுபோனேன். பிரிப்பதற்கு முன்னால், குண்டு போட்டு, தரையைப் பார்த்துப் பிடித்து, அண்ணன் மாதிரியே படாரென்று மூடிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மறுபடி. மறுபடி. ஏழாவது தடவை, என் விரல் விசைப் பக்கமே போகவில்லை, 'டப்' என்று மண் தெறித்தது.

கொட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பிரித்தபோது பேனா ஸ்பிரிங் ஒருபக்கம் சாய்ந்து, தூங்குகிற புழு மாதிரி சுருண்டு கிடந்தது. புதுசை வைத்தேன். இந்தத் தடவை நூறும் சுட்டேன், ஒன்றுகூடக் குறைக்கவில்லை. அண்ணன் மூன்று தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். முழுசாக ஒரு மணி நேரம் ஆகிவிட்டது.

"எழுநூறு சொன்னேன். மிச்சம்?" என்று கையை நீட்டினார்.

தானாகச் சுட்டதைச் சொல்லியிருந்தால் அவர் ஒரு பைசா கேட்டிருக்க மாட்டார். சொன்னால், மதினியின் முதுகுக்குப் பின்னால் காலையிலிருந்து எதை வைத்திருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். மதினி எனக்கு ஒரு டம்ளர் பானகம் கொண்டுவந்து கொடுத்தார். விரலெல்லாம் பலூன் ஒட்டாமல் இருக்கத் தூவுகிற வெள்ளை மாவு.

"பெறகு தாரேண்ணே," என்றேன்.

இன்னும் தரவில்லை. நானூறு ரூபாய் பாக்கி.