துரைக்குச் சொன்ன கடல் நிலவரம்

றக்வானைத் தேயிலைத் தோட்டத்தில், உதவி மேனேஜரான சின்னதுரையின் பங்களாவில் வேலை செய்தேன். அவர் ஃபெக்டரியிலிருந்து வருவதற்குள் ரேடியோவில் கடல் நிலவரத்தைக் கேட்டுவைக்க வேண்டும். காற்றும் அலையும் பலமென்றால் அந்த மனுசனுக்குக் கொண்டாட்டம். பலகையைக் காரின்மேல் கட்டிக்கொண்டு அலையில் சறுக்கப் போய்விடுவார்.

இலங்கைக் குடியுரிமை இல்லையென்று அக்கா குடும்பத்தை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். "தெனமும் கேக்குறியே, நாங்க போறப்ப கடல் எப்பிடி இருக்கும்?" என்று லயத்து வீட்டை விட்டு இறங்கும்போது கேட்டாள். அவர்கள் தலைமன்னாரில் கப்பலுக்குக் காத்திருந்த மாலை, நாளை கடல் கொந்தளிக்கும் என்றது ரேடியோ. சொல்ல அவள் பக்கத்தில் இல்லை. சொல்லியிருந்தாலும் என்ன ஆகியிருக்கும்.

"நாளைக்குக் கடல் எப்படி?" என்றார் துரை.

"அமைதியா இருக்குங்க துரை."

அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு பயணத்தை நிறுத்தினார். அக்கா ஏறிய கப்பல் நிற்கவில்லை.