அலமாரிக்கு அடியில் ஒரு பொந்து

காணாமல் போவது என்றால் சும்மாவா? மண்டபம் நிறைய ஆள் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும்போது, முழுசாக ஒரு பெண் மாயமாய் மறைந்துவிடுவது! அதை வாராவாரம் செய்துகொண்டிருந்தவள் மடக்கக்கா. அம்மா அப்பா வைத்த பெயர் வேறுதான். நாற்காலியை மடக்குகிற மாதிரி தன்னையே மடக்கிக்கொள்கிறாள் என்று வேன் டிரைவர் விளையாட்டாகக் கூப்பிடப் போய், அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. கைதட்டல் மட்டும் அவளுக்கு இல்லை. அது முழுக்க அவள் கணவருக்கு. தெருப் பிள்ளைகள் மேஜிக் மாமா என்று கூப்பிடும் அந்த மனிதர் நீளக் கோட்டைப் போட்டுக்கொண்டு கோலை ஆட்டுவார், வாய் ஓயாமல் பேசுவார், கடைசியில் குனிந்து கும்பிடு போடுவார். வேலையைச் செய்வது யாராம்? உள்ளே இருப்பவள்!

ரகசியத்தைப் போட்டு உடைத்துவிடுகிறேன். மேடையில் இருப்பது சக்கரம் வைத்த ஒரு மர அலமாரி. பார்வைக்குச் சாதாரணத் துணி அலமாரிதான். ஆனால் அதன் தரைப்பலகையைத் தூக்கினால் அடியில் ஓர் இடம் இருக்கும். வெளியே இருப்பவர் கண்ணுக்கு அது வெறும் அடிக்கட்டையாகத் தெரிகிற மாதிரி கறுப்பு வண்ணம் அடித்து, தங்கக் கோடு இழுத்து ஏமாற்றியிருந்தார் மாமா. மடக்கக்கா சிவப்பு உடையில் அலமாரிக்குள் போவாள். கதவு சாத்தியதும் பலகையைத் தூக்கி இறங்கி, முட்டியைத் தாடையோடு சேர்த்துச் சுருண்டு, பலகையை மேலே இழுத்துக்கொள்வாள். கதவைத் திறந்தால் அலமாரி காலி! மறுபடி சாத்தித் திறந்தால் நீல உடையில் சிரித்துக்கொண்டு நிற்பாள். சிவப்புக்கு அடியில் நீலத்தை முதலிலேயே போட்டிருப்பாள், அவ்வளவுதான் விஷயம். அந்த அடியிடத்துக்கு அவள் வைத்திருந்த பெயர் பொந்து.

அந்தப் பொந்து என்றால் அவளுக்கு உயிர். சத்தியமாகச் சொல்கிறேன், உயிர்!

பிறந்த வீட்டில் நின்றால் ஒருவர் தோள் இடிக்கும், உட்கார்ந்தால் இன்னொருவர் கால் இடிக்கும். அத்தனை அண்ணன் தங்கைகள். துணி அலமாரியின் கீழ்த்தட்டுதான் அவளுக்கென்று கிடைத்த தனி அறை. போர்வைகளுக்கு நடுவில் போய் முடங்கிக்கொண்டு கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்திருப்பாள். அம்மா வீடு முழுக்கத் தேடுவாள், "எங்கடி போய்த் தொலஞ்ச?" என்று அலமாரியைக் கடந்தே நடப்பாள். உள்ளிருந்து அம்மாவின் காலைப் பார்த்துக்கொண்டு இவள் வாயைப் பொத்திச் சிரிப்பாள். பிற்பாடு தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். மேஜிக் மாமாவின் கோட்டைத் தைத்துக் கொடுக்க ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போனபோது, கூடத்தில் அந்த அலமாரி நின்றது. அவர் டீ போட உள்ளே போனார். திரும்பி வந்தால் ஆளைக் காணோம்! வாசலுக்கும் கொல்லைக்கும் அலைந்து பார்த்துவிட்டு, கடைசியில் பலகையைத் தூக்கினால், பொந்துக்குள் இவள் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறாள். வித்தைக்காரருக்கே வித்தை காட்டிவிட்டாளே! மனிதர் அங்கேயே விழுந்துவிட்டார். அந்த வருஷமே கல்யாணம்.

அப்புறம் வாழ்க்கை ஓட்டமாய் ஓடியது. உடை தைப்பவள் அவள், துவைப்பவள் அவள், மண்டபத்துக்காரரோடு போனில் மல்லுக்கட்டுபவள் அவள், வேனில் சாமான் ஏற்றும்போது "அத இப்பிடி வைக்காதடா, கண்ணாடி உடையும்" என்று தொண்டை வறளக் கத்துபவளும் அவள்தான். காலையிலிருந்து ஆளாளுக்கு அவள் பெயரை ஏலம் போடுவார்கள். பொந்துக்குள் மட்டும் யாரும் கூப்பிட மாட்டார்கள். முதுகு ஒரு பலகையில், முட்டி இன்னொரு பலகையில். வெளியே கைதட்டல், வீட்டுக்குள் இருந்து மழை கேட்கிற மாதிரி. அந்தக் கொஞ்ச நேரத்தில் அவளுக்குப் போன உயிர் திரும்பி வரும்.

இதை அவள் கணவரிடம் சொன்னதே இல்லை. எப்படிச் சொல்வது? "உங்க சத்தமே கேக்காத ஒரு எடம் எனக்குப் பிடிச்சிருக்கு" என்றா? மனிதர் நொந்துபோக மாட்டாரா? அதனால் கம்மென்று இருந்தாள். அதுதான் வினையாகப் போனது.

ஒரு நிகழ்ச்சியில் வெளியே வரும்போது கால் மரத்துப்போய் அவள் கொஞ்சம் நொண்டினாள். அதை மாமா பார்த்துவிட்டார். வீடு வந்து சேருகிற வரை பேசவே இல்லை. அவர் பேசாமல் இருந்தாலே ஏதோ வில்லங்கம் என்று அர்த்தம். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு ஆரம்பித்தார்.

"போதும்மா. உன்ன இத்தன வருஷம் அந்த இருட்டுல போட்டு வதச்சது போதும். இனி உள்ள போறதுக்கு எங்க அக்கா பொண்ணுகிட்ட பேசிட்டேன். டான்ஸ் ஆடுற பொண்ணு, ஒடம்பு வளையும். ஒரு கம்பெனி ஆண்டு விழாவுக்கு ஒத்துக்கிட்டிருக்கோமே, அதுதான் உனக்குக் கடைசி. அப்புறம் நீ ராணி மாதிரி முன் வரிசைல உக்காந்து பாக்கலாம்!"

கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு சொல்லும் மனிதரிடம் என்ன சண்டை போடுவது? மடக்கக்கா சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைப் போட்டு உருட்டினாள். பாத்திரங்கள்தான் என்ன பாவம் செய்தன! முன் வரிசையாம், ராணியாம்! யாருக்கு வேண்டும் அது? பொந்து போகிறதே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தது. ஏதோ ஒரு மண்டபத்தின் பின்கட்டில் வேனுக்குள் ஏறிக்கொண்ட சாம்பல் நிறப் பூனை. வீட்டுக்கு வந்த அன்றே பீரோ, அலமாரி, இழுப்பறை, அழுக்குத் துணிக் கூடை, மாமாவின் தொப்பிப் பெட்டி என்று ஒன்று விடாமல் உள்ளே புகுந்து சோதனை போட்டதால் அந்தப் பெயர். மாமாவுக்கு அதன் மேல் கொள்ளைப் பிரியம். அதனாலேயே அதைப் படுத்தி எடுத்தார். "ஐயோ பாவம், மூச்சு முட்டுமே" என்று பீரோவிலிருந்து இழுப்பார். அது இழுப்பறைக்குப் போகும். அங்கிருந்து இழுப்பார். கட்டிலுக்கு அடியில் போகும். கடைசியில் கடைக்குப் போய்ப் பஞ்சு மெத்தை ஒன்று வாங்கி வந்தார். வட்டமாய், பூப் போட்டு, மனுஷனே படுக்கலாம் போல அத்தனை மெத்மெத்தென்று! இன்ஸ்பெக்டர் அதைச் சுற்றி ஒரு நடை நடந்தது, மோந்து பார்த்தது, மெத்தை வந்த அட்டைப் பெட்டிக்குள் ஏறிப் படுத்துக்கொண்டது.

மாமாவுக்கு மானம் போய்விட்டது. "இதுக்கு என்னமோ மனசு சரியில்ல" என்று கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு கால்நடை டாக்டரம்மாவிடம் ஓடினார். கூடவே மடக்கக்கா. டாக்டரம்மா பூனையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அதுக்கு ஒண்ணும் இல்ல சார். நல்லா இருக்கு. சின்ன எடத்துல இருந்தா முதுகுப் பக்கம் யாரும் வர முடியாது பாருங்க, அந்த தைரியம். அங்கேர்ந்து அது எல்லாரையும் பாக்கலாம், அத யாரும் பாக்க முடியாது. வேட்டையாடுற சாதி, அந்தப் புத்தி போகாது. ஒடம்புச் சூடும் அங்கயே தங்கும். கதகதன்னு இருக்கும். வீட்டுல சத்தம், புது ஆளுன்னா போய்க் கொஞ்ச நேரம் இருந்துட்டு, மனசு அடங்குனதும் தானா வரும். நீங்க மட்டும் இழுக்காதீங்க."

மடக்கக்காவுக்கு உட்கார்ந்த இடத்தில் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. இதேதான்! இதைத்தானே இத்தனை வருஷமாக அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை! அவள் ஆவலோடு கணவர் முகத்தைப் பார்த்தாள். அவரோ, "அப்பிடியா? பூனைன்னா அப்பிடித்தான் போல" என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். மண்டையில் நாலு போடலாமா என்று வந்தது அவளுக்கு.

கம்பெனி ஆண்டு விழா வந்தது. மண்டபத்தில் எள் போட்டால் எள் விழாது. முன்னால் பிள்ளைகள் கூச்சல், பின்னால் பெரியவர்கள் பேச்சு. மடக்கக்கா சிவப்பு உடையில் மேடைக்கு வந்து எல்லாரையும் பார்த்துக் கையசைத்தாள். கடைசித் தடவை. "போய்ட்டு வரேன்" என்று பொந்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அலமாரிக்குள் ஏறினாள். கதவு மூடியது. இசை ஏறியது. பலகையைத் தூக்கினாள்.

உள்ளே இரண்டு கண்கள்.

இன்ஸ்பெக்டர்! வீட்டிலேயே பொந்துக்குள் புகுந்து, வேனில் குலுங்கி, மண்டபம் வரை தூங்கியே வந்திருக்கிறது. இடத்துக்குப் பட்டா வாங்கியவர் மாதிரி நடுநாயகமாய்ச் சுருண்டு கிடந்தது. மடக்கக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளியே மாமா, "மூணு எண்ணப் போறேன்!" என்கிறார். பிள்ளைகள் கூடவே கத்துகிறார்கள், "ஒண்ணு!" அவள் பூனையைத் தூக்கப் பார்த்தாள். அது பலகையில் நகத்தைப் பதித்துக்கொண்டது. "ரெண்டு!" இவளுக்கும் கோபம் வந்துவிட்டது. கடைசித் தடவை, அதிலும் பங்குக்கு வருகிறாயா? "எந்திரிடா, இது என் எடம்!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லி, பிடரியைப் பிடித்துத் தூக்கி மேலே வைத்துவிட்டு, பொத்தென்று உள்ளே விழுந்து பலகையை இழுத்துக்கொண்டாள். "மூணு!"

கதவு திறந்தது.

சத்தமே இல்லை. மேஜிக் மாமாவிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை! சும்மாவே வாய் ஓயாத மனிதர், மேடையில் வாயடைத்து நிற்கிறார். பொந்துக்குள் மடக்கக்கா காதைத் தீட்டிக்கொண்டாள். தலைக்கு மேலே பலகையில் இன்ஸ்பெக்டர் சாவகாசமாய்க் கால் நக்குகிற சத்தம் வேறு.

அப்புறம் வெடித்தது பாருங்கள்! "பூனை! பூனை! அக்கா பூனையாயிட்டாங்க!" பிள்ளைகள் நாற்காலி மேல் ஏறிக்கொண்டார்கள், பெரியவர்கள் விசிலடித்தார்கள், மண்டபமே இரண்டு பட்டது. மாமாவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. "மறுபடி அக்காவா மாத்தவா?" என்று கத்தினார், குரல் உடைந்துபோய். "மாத்துங்க!" கதவு மூடியது. மடக்கக்கா சிவப்பை உருவி எறிந்து, தலையால் பலகையை முட்டி மேலே வந்து, பூனையை இடுப்பில் வைத்துக்கொண்டு நீல உடையில் நின்றாள். அன்றைய கைதட்டல் மாதிரி அவள் கேட்டதே இல்லை. முதல் தடவையாக அது முழுக்க அவளுக்கு. அப்போதும் அவளுக்கு மனசு பலகைக்கு அடியில்தான் இருந்தது.

திரைக்குப் பின்னால் வேன் டிரைவர் ஓடி வந்தார். "அக்கா, அண்ணன் மூஞ்சியப் பாத்திருக்கணுமே! பேயறஞ்ச மாதிரி நின்னாரு! இந்த மூஞ்சிக்கே டிக்கெட் போடலாம்!"

மாமாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "எப்பிடிம்மா உள்ள போச்சு அது? அவ்வளவு மெத்தை வாங்கிக் குடுத்தேன், அத விட்டுட்டு இந்த நரகத்துல..."

"நரகம் இல்லங்க."

"என்ன?"

"நரகம் இல்லன்னேன்." மடக்கக்காவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "அதுக்கு அது பிடிச்ச எடம். எனக்கும் பிடிச்ச எடம். டாக்டரம்மா சொன்னாங்களே, காதுல விழுந்துதா இல்லையா? பூனைக்கு மட்டுந்தான் முதுகு இருக்கா? எனக்கு இல்ல? நாள் பூரா ஆளாளுக்கு என்னைக் கூப்புடுறீங்க. அதுக்குள்ள இருக்கும்போதுதான் நான் எனக்குன்னு இருக்கேன். அதப் போய் உங்க அக்கா பொண்ணுக்குத் தூக்கிக் குடுக்குறீங்க!"

மாமாவின் முகம் விழுந்துவிட்டது. அவள் பயந்ததே நடந்தது. "என்னை விட்டு ஒளிஞ்சுக்கவா உள்ள போன?" என்றார் சின்னக் குரலில்.

அவள் அலமாரிக் கதவைத் திறந்து, பலகையைத் தூக்கிப் பிடித்தாள். "உள்ள போங்க."

"நானா?"

"நீங்கதான். என்னிக்காவது போயிருக்கீங்களா?"

மனிதர் திருதிருவென்று விழித்தார். அலமாரியைச் செய்தவர் அவர், வண்ணம் அடித்தவர் அவர், அதை வைத்தே சோறு தின்றவர் அவர். ஒரு நாளும் உள்ளே போனதில்லை! கோட்டைக் கழற்றி வைத்து, முனகிக்கொண்டே இறங்கினார். முட்டி படக்கென்று சத்தம் போட்டது. தொந்தியை ஒரு பக்கம், தோளை ஒரு பக்கம் திணித்தார். "செத்தேன்", "மூச்சு போச்சு" என்று ஊரைக் கூட்டினார். பலகை மூடுவதற்குள் இன்ஸ்பெக்டர் தாவி அவர் வயிற்றுக்கும் முட்டிக்கும் நடுவில் இடம் பிடித்துக்கொண்டது. மடக்கக்கா பலகையைச் சாத்திவிட்டு, அலமாரிக் கதவையும் சாத்தினாள்.

உள்ளே கொஞ்ச நேரம் புலம்பல் கேட்டது. பிறகு முனகல். பிறகு அதுவும் இல்லை.

வெளியே மண்டபத்துக்காரர், "மேஜிக் சார் எங்க? சாவி குடுக்கணும்" என்று தேடி வந்தார். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். மாமாவின் போன் கோட்டுப் பையில் அலறியது, அக்கா பெண். யாருக்கும் அவர் கிடைக்கவில்லை. "தெரியலயே, இங்கதான் இருந்தாரு" என்று சாதித்துவிட்டாள் மடக்கக்கா. கள்ளி! அவளுக்குக் குஷி தாங்கவில்லை. ஆனால் நேரம் போகப் போகச் சந்தேகம் வந்தது. மூச்சு கீச்சு முட்டிவிட்டதோ? கதவைத் திறந்து பலகையைத் தட்டினாள்.

"என்னங்க? வரீங்களா?"

பூனையின் குறுகுறுச் சத்தம் மட்டும் பலகை வழியாக வந்தது. அவள் குனிந்து காதை வைத்துக் கேட்டாள்.

"என்னங்க!"

"வேன வெயிட் பண்ணச் சொல்லு" என்றார் மாமா உள்ளிருந்து. தூங்கி விழித்த குரல். "அந்தப் பொண்ணுக்கு போன் போட்டு, வர வேணாம்னு சொல்லிடு."

மடக்கக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உனக்குக் கால் மரத்துப் போகாம, வேணும்னா ஒரு சாண் அகலமாக்கித் தரேன்."

"கை வச்சீங்கன்னா தெரியும்! இருக்கிற மாதிரியே இருக்கட்டும்."

அவர் மறுபடி கண்ணை மூடியிருப்பார், இனி கூப்பிட்டால் கேட்காது என்று அவளுக்குத் தெரியும், அந்த இடம் அப்படி. அவள் எழுந்து டிரைவரிடம் சொல்லப் போகும்போது, பலகைக்கு அடியிலிருந்து பொறாமையும் ஆற்றாமையுமாக ஒரு குரல் வந்தது.

"ஏம்மா, இத்தன வருஷமா இத நீ மட்டுமா வச்சிருந்த?"